ரேவதியின் நாலு கோடு நோட்டில் எழுதியது

தயாளா,

நானும் உன் மகளும் நன்றாக இருக்கிறோம். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் கவரின் கனத்தைப் பார்த்து யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று நீ ஆபீஸிலேயே பதறுவாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஒரு பக்கம் எழுத எனக்கு அரை நாள் பிடிக்கிறது. நாலு நாளாக அடுப்பு வேலை முடிந்ததும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுதுகிறேன். தாள் எது என்று பார்த்தாயா? நாலு கோடு நோட்டு. பத்து நாளைக்கு முன்னால் ரேவதியை இங்கே கொண்டுவந்து விட்டபோது அவள் பையில் நீ வைத்துக் கொடுத்த நோட்டு. அதில் அவள் இன்னும் ஒரு எழுத்து எழுதவில்லை. முதல் பக்கத்திலிருந்து நான்தான் எழுதிக்கொண்டு வருகிறேன். கோபப்படாதே, கடைசி வரைக்கும் படி. அப்புறம் கோபப்படு.

அன்றைக்கு நீ பேசினது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மோர் டம்ளரைக் கீழே வைக்காமலே பேசினாய். "இன்டர்வியூல ஒரு நிமிஷம் உக்காரலம்மா. மிஸ் ஏ எழுதுன்னா, இவ சாக்பீஸ் டப்பாவ கவுத்துக்கினு கலர் கலரா பிரிச்சி வெச்சிருக்கா. கை சும்மா இருக்க மாட்டேங்குது, மூணரை வயசுக்கு இது ஜாஸ்தின்னு மிஸ் சொல்றாங்க. ஜூன்ல இன்னொரு வாட்டி பார்ப்பாங்களாம். அதுக்குள்ள இவள உக்கார வெக்கணும்" என்றாய். அப்புறம்தான் அதைச் சொன்னாய். "நீ என்னை உக்கார வெச்ச இல்ல, அந்த மாதிரி இவளையும் வெச்சிடும்மா. அன்னைக்கி நீ கண்டிப்பா இருந்ததாலதான் இன்னைக்கி நான் ஃபேன் கீழ உக்காந்து வேலை செய்றேன்." நான் சரி என்று தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று இப்போது யோசிக்கிறேன். பிறந்ததிலிருந்து நீ என்னைப் பாராட்டிச் சொன்ன முதல் பேச்சு அது. அந்த ருசியில் ஆட்டிவிட்டேன்.

நீ பஸ் ஏறினதும் அவளுக்குக் கை கழுவிவிட்டேன். வலது உள்ளங்கையில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு. "இன்னா கண்ணு இது?" என்றேன். "அப்பா, ஸ்கேல்" என்றாள். அழவில்லை. மழை பெய்கிறது என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். பைக்குள் பார்த்தால் நோட்டு, பென்சிலோடு அந்த மர ஸ்கேலும் இருக்கிறது. உன்னைத் திட்டுவதற்கு எனக்கு வாய் கிடையாது தயாளா. ஏன் கிடையாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். நேரில் சொன்னால் நீ பேச்சை மாற்றுவாய், நான் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது பாதியில் நின்றுபோகும்.

உன் இடது மணிக்கட்டைப் பார். கடிகாரத்தைக் கழற்றிவிட்டுப் பார். மெல்லிசாக ஒரு வெள்ளைத் தழும்பு, வளையல் மாதிரி முக்கால் சுற்று ஓடும். வேலிக் கம்பி கிழித்தது என்று சொல்லிச் சொல்லியே உன்னை நம்பவைத்தேன். உன் அப்பாவுக்கும் அதையேதான் சொன்னேன், அவரும் அதை நம்பிக்கொண்டேதான் போய்ச் சேர்ந்தார். வேலிக் கம்பி முக்கால் சுற்று எப்படிக் கிழிக்கும் என்று நீங்கள் இரண்டு பேரும் ஒரு நாளாவது கேட்கவில்லை. அது கம்பி இல்லை. என் மெழுகு நூல்.

அப்போது உனக்கு ஆறு வயசு நடக்கிறது. ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றிரண்டுதான் இருந்தது. கம்பெனியில் வெட்டி, ஓட்டை போட்ட துண்டுகளை மூட்டையாகக் கொடுப்பார்கள். வீட்டில் வைத்து இரண்டு ஊசி, ஒரு மெழுகு நூலில் தைத்துக் கொடுக்க வேண்டும். அப்பர் தைக்கிறது என்போம், ஷூவின் மேல்பாகம். துண்டுகள் ஜோடி ஜோடியாகக் கட்டி வரும். வலது காலுக்கும் இடது காலுக்கும் ஒரே தோலில் பக்கத்துப் பக்கத்தில் வெட்டினதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாலிஷ் போட்டதும் ஒரு கால் கறுத்தும் ஒரு கால் வெளுத்தும் காட்டிக்கொடுத்துவிடும். அதற்காகத்தான் வெட்டுகிறவனே சூட்டோடு சூடாக இரண்டையும் நூல் போட்டுக் கட்டிவிடுவான். அந்தக் கட்டை அவிழ்க்கக் கூடாது. அவிழ்த்தால் எது எதனுடைய ஜோடி என்று கண்டுபிடிக்க முடியாது. இதெல்லாம் உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை. குழாயில் தண்ணீர் வருகிற நாள். அன்று சாயங்காலம் முப்பது ஜோடி கொடுத்தாக வேண்டும், பாதி கூடத் தைக்கவில்லை. உன் அத்தை ஒடுகத்தூரிலிருந்து வந்து ஒரு வாரமாக உட்கார்ந்திருந்தாள். நான் இரண்டு குடத்தோடு வரிசையில் நின்று, முனையில் ஒருத்தியோடு சண்டை போட்டு, தண்ணீரோடு உள்ளே வந்தால், மீதி ஜோடி எல்லாம் அவிழ்ந்து கிடக்கிறது. கிடக்கிறது என்று சொல்வது தப்பு. கதவிலிருந்து அடுப்பு வரைக்கும் சுவர் ஓரமாக வரிசையாக அடுக்கி வைத்திருந்தாய். இரண்டு இரண்டாக, ஒன்றை ஒன்று பார்த்த மாதிரி. கதவுப் பக்கம் கறுப்பாக ஆரம்பித்து, அடுப்புப் பக்கம் போகப் போக வெளுத்துக்கொண்டே போகிறது. நடுவில் நீ குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு துண்டைக் கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். என்னைப் பார்த்ததும் சிரித்தாய். அந்தச் சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது. உனக்கு ஒரு முன்பல் இல்லை.

எனக்கு வேலை போய்விட்டது என்றுதான் தோன்றியது. உன் அத்தை வெற்றிலையை மென்றுகொண்டே, "இவன் கைய இப்பவே அடக்கலன்னா நாளைக்கி ரோட்ல தோல் பொறுக்கிக்கினு திரிவான்" என்றாள். பார்த்துக்கொண்டே இருந்தவள், குழந்தை அவிழ்க்கும்போது ஒரு வார்த்தை வேண்டாம் என்று சொன்னாளா? சொல்லவில்லை. அவள் செத்து ஆறு வருஷம் ஆகிறது, நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கவும் மாட்டேன். ஆனால் நூலை எடுத்தது அவள் இல்லை, நான். உன் இரண்டு கையையும் சேர்த்துக் கட்டில் காலோடு கட்டிவிட்டு, துண்டுகளை வரிசையில் இருந்தபடியே பக்கத்துப் பக்கத்தில் இரண்டிரண்டாக வாரிக் கட்டினேன். வேறு வழி தெரியவில்லை. கட்டிவிட்டு அவசர அவசரமாகத் தைக்க உட்கார்ந்தேன். தையலில் உன்னை மறந்துவிட்டேன். நீ சத்தம் போட்டிருந்தால் திரும்பியிருப்பேன். நீ சத்தமே போடவில்லை, இழுத்துக்கொண்டு மட்டும் இருந்திருக்கிறாய். மெழுகு நூல் இழுக்க இழுக்க இறுகும். அது உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பக்கத்து வீட்டுப் பாயம்மா சீனி கேட்டு வந்தவள் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு ஓடிப்போய்ப் பாக்குவெட்டியைக் கொண்டுவந்து நூலை நறுக்கினாள். உன் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே என்னைப் பார்த்து, "யா அல்லா, இன்னா பொம்பளடி நீ? கறிக்கி வாங்கற ஆட்ட கூட இப்படி கட்ட மாட்டாங்க" என்றாள். அவள் சொன்னது சரி. சரியாகச் சொன்னாள் என்பதற்காகவே இரண்டு வருஷம் நான் அவளோடு பேசவில்லை. இரண்டு ரம்ஜானுக்கும் அவள் கொடுத்தனுப்பின கஞ்சித் தூக்கை வாசலிலேயே திருப்பி அனுப்பினேன். நீ அதைப் பார்த்துக்கொண்டு நிற்பாய், உனக்கு அந்தக் கஞ்சி பிடிக்கும்.

இப்போது சொல்லப்போவதுதான் நான் இத்தனை வருஷம் மறைத்தது. மூட்டையைக் கொண்டுபோய்க் கம்பெனியில் கொடுத்துவிட்டு, திட்டு வாங்கத் தயாராகத்தான் அடுத்த வாரம் போனேன். ஜெயராஜ் மேஸ்திரி அப்போது செக்கிங்கில் இருந்தார். எல்லாருடைய மூட்டையிலிருந்தும் ஷேடு சேரவில்லை என்று நாலு ஜோடி, ஐந்து ஜோடி திரும்பி வரும். வெட்டுகிறவனும் அவசரத்தில் மாற்றிக் கட்டிவிடுவான். மேஸ்திரி என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா, இந்த வாட்டி உன்னுது ஒரு ஜோடி கூட திரும்பல. கட்டிங்காரன் கட்டினத நீ பிரிச்சி மாத்திக் கட்டினியா?" என்றார். நான் ஆமாம் என்றேன். "சேராத மாதிரி தெரிஞ்சிதுங்க, மாத்தினேன்" என்றேன். "உன் கண்ணு கண்ணுதாம்மா" என்றார் அவர். அங்கே நின்ற அத்தனை பொம்பளைகளும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் அந்தப் பெருமையைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நீ கையில் துணி சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தாய். உன்னிடம் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், கண்ணு, நீ சேர்த்து வைத்தது அத்தனையும் சரி என்று. வாய் வரைக்கும் வந்தது. பெற்றவள் குழந்தையிடம் தோற்றுப்போகக் கூடாது என்று விழுங்கிவிட்டேன்.

அதன்பிறகு நீ தோலைத் தொடவில்லை. தோலை மட்டும் இல்லை, பாயம்மா வீட்டுக்குப் போய் ரொட்டி மாவைப் பிசைந்து குருவி செய்வாயே, அதையும் விட்டாய். எங்கே உட்கார்ந்தாலும் இரண்டு கையையும் அக்குளில் சொருகிக்கொண்டு உட்காருவாய். ஸ்கூலில் உன் வாத்தியாருக்கு ஒரே சந்தோஷம். "இப்பத்தாம்மா உன் பையன் ஒழுங்கா உக்கார்றான், இன்னா மந்திரம் போட்ட?" என்று வழியில் நிறுத்திக் கேட்டார். நூலை மட்டும் மறைத்துவிட்டு, கண்டிப்புதான் மந்திரம் என்று குழாயடியில் நின்று ஊருக்கே சொன்னேன். நீ படித்தாய், மார்க் வாங்கினாய், வேலைக்குப் போனாய். எல்லாம் உண்மைதான். ஆனால் நான் கட்டினதால் நீ படிக்கவில்லை தயாளா. கட்டியும் படித்தாய். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புரியப் பத்து வருஷத்துக்கு மேல் ஆனது.

ஸ்கூலில் எல்லாம் சத்துணவு ஆரம்பித்த வருஷம், எனக்குக் கண் மங்கி ஊசி கோர்க்க முடியாமல் போனபோது, மேஸ்திரி என்னைக் கம்பெனி பால்வாடியில் சேர்த்துவிட்டது உனக்குத் தெரியும். அங்கே வேலை செய்கிற பொம்பளைகளின் பிள்ளைகளை விடுகிற அறை அது. என்னை ஏன் எடுத்தார்கள் தெரியுமா? பிள்ளைகளை உட்கார வைக்கத் தெரிந்தவள் என்று பேர் எடுத்திருந்தேன் இல்லையா, அதற்காக. பன்னிரண்டு பிள்ளைகள், இரண்டு வயசிலிருந்து ஐந்து வயசு வரைக்கும். பாயில் வரிசையாகக் கையைக் கட்டி உட்கார வைப்பேன். ஒரு சத்தம் வராது. ஒரு நாள் கோடவுனில் இடம் இல்லை என்று வெட்டுத் துண்டு மூட்டை ஒன்றை எங்கள் அறையில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார்கள். நான் பால் காய்ச்சிவிட்டுத் திரும்பினால் மூட்டை கவிழ்ந்து, பன்னிரண்டும் அதற்குள் கிடக்கிறது. கையை ஓங்கிக்கொண்டு போனேன். முன்னால் இருந்தது தையல் மிஷின் நாகம்மாவின் மகள், மூன்று வயசு. அது ஓடவில்லை, அழவில்லை. இரண்டு கையையும் எடுத்து அக்குளில் சொருகிக்கொண்டு என்னை அண்ணாந்து பார்த்தது.

நான் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆயா விழுந்துட்டாங்க என்று பிள்ளைகள் கத்த, நாகம்மா மிஷினை விட்டு ஓடிவந்தாள். தலைசுற்றல் என்று சொன்னேன். அன்றைக்குச் சாயங்காலம் நேராகப் பாயம்மா வீட்டுக்குப் போனேன். பேச்சு எப்போதோ திரும்பியிருந்தது, ஆனால் அந்தப் பேச்சு மட்டும் எங்களுக்குள் வந்ததே இல்லை. பாயம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தாள். "பன்னெண்டு புள்ளைங்க பாயம்மா. கை ஒரே பேஜார் பண்ணுது. நீ இன்னா பண்ணுவ?" என்றேன். "கை பேஜார் பண்ணுதுன்னா கைக்கு வேலை குடு. நான் ஏழு பெத்தேன். ஏழு கயிறா வாங்கினேன்?" என்றாள். பத்து வருஷம் காத்திருந்து அடித்தாள். வாங்கிக்கொண்டேன். கிளம்பும்போது ஒரு உருண்டை மாவைக் கையில் கொடுத்து, நாளைக்கு அந்தப் பிள்ளைகளுக்குக் கொடு என்றாள்.

அதிலிருந்துதான் நான் படிக்க ஆரம்பித்தேன் என்று வைத்துக்கொள். கத்தி, ஊசி, பசை டப்பா மூன்றையும் கதவுக்கு அந்தப் பக்கம் வைத்தேன். மீதி எல்லாவற்றையும் இந்தப் பக்கம் விட்டேன். வெட்டுத் துண்டு, பழைய லேஸ், காலி நூல்கண்டு, ஒரு வாளித் தண்ணீர், கொட்டாங்குச்சி, உழக்கு, தோல் உரிக்காத வேர்க்கடலை. சொன்னால் நம்ப மாட்டாய், சத்தம் ஜாஸ்தி ஆனது, அழுகை கம்மி ஆனது. இரண்டு வயசுப் பிள்ளை கொட்டாங்குச்சியில் தண்ணீர் மொண்டு உழக்கில் ஊற்றி, வழிந்ததும் நிறுத்திப் பார்க்கும், மறுபடியும் ஊற்றும், நாற்பது தடவை ஊற்றும். எது பெரிசு, எது சின்னது என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. ஓட்டையில் லேஸ் கோர்த்துக் கோர்த்து ஒரு பையன், பேச்சே சரியாக வராத பையன், எட்டு ஓட்டைக்கு ஒரு லேஸ் பத்தாது என்று என்னிடம் வந்து இரண்டு விரலைக் காட்டினான். எண்ணத் தெரியாதவன் இல்லை அவன், வாயால் எண்ணத் தெரியாதவன், அவ்வளவுதான். அதையெல்லாம் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷமும் வரும், சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சோறும் இறங்காது. உன் வரிசைதான் கண்ணில் வரும்.

ஒரு நாள் மேனேஜர் வந்தார். அந்த ஆள் மேல் எனக்கு வேறு கோபமும் உண்டு, அது இப்போது வேண்டாம். "இன்னாம்மா இது, நீ ரைம்ஸ் சொல்லிக் குடுத்திருப்பேன்னு பார்த்தா குப்பையில வெளையாட விட்டிருக்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கூட வந்திருந்த ஜெயராஜ் மேஸ்திரி கூடையிலிருந்து ஒரு துண்டை எடுத்து நாகம்மாவின் மகளிடம் நீட்டி, "பாப்பா, இதுக்கு ஜோடி குடு" என்றார். அது கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்துவிட்டு, குவியலில் கையை விட்டு நாலு துண்டைத் தள்ளி, ஐந்தாவதை எடுத்துக் கொடுத்தது. மேனேஜர் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "இது எப்படி?" என்றார். "அதுக்கு விரல்ல தெரியுது சார். நமக்குக் கண்ணுல கூட தெரியல" என்றார் மேஸ்திரி. அப்போது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டதோ என்னமோ, அந்தப் பழைய மூட்டையை யார் ஜோடி சேர்த்தது என்று. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போன வருஷம் நான் வேலையை விட்டு நின்றபோது எல்லாரும் சேர்ந்து எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். அவர் மட்டும் தனியாக ஒரு மூட்டை வெட்டுத் துண்டைச் சைக்கிளில் கொண்டுவந்து வீட்டில் போட்டுவிட்டுப் போனார்.

உன் கை செத்துப்போய்விட்டது என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன். அது பொய் என்று போன தீபாவளிக்குத் தெரிந்தது. வேலூரில் உன் மாமனாருக்கு ஷூ வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு போனாயே. நீ மருமகள் மல்லிகாவோடு பஸ் டைம் பேசிக்கொண்டே, பெட்டியைப் பார்க்கக்கூட இல்லை, கையை மட்டும் உள்ளே விட்டு இரண்டையும் தடவிவிட்டு, "வேற ஜோடி குடுங்க, இது ரெண்டும் ஒரே தோல் இல்ல" என்றாய். கடைக்காரன் நாலு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு வேறு பெட்டி எடுத்து வந்தான். நீ அதைப் பெரிசாக நினைக்கவில்லை, பேச்சைத் தொடர்ந்தாய். நான் எதிர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்க்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது உன் மகளைப் பற்றிச் சொல்கிறேன். முதல் நாள் நீ சொன்னபடியே அவளை நோட்டுக்கு முன்னால் உட்கார வைத்தேன், மறைக்க மாட்டேன். அவள் பென்சிலைக் கையில் வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். எங்கிருந்து அடி வரும் என்று பார்க்கிற பார்வை. நான் நோட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டு மேஸ்திரி கொடுத்த மூட்டையை இறக்கினேன். பத்து நாளாக வீடு வீடாக இல்லை. வேர்க்கடலை உரித்து, பெரிசு தனி, சின்னது தனி, சொத்தை எனக்கு என்று பிரித்தாள். பாயம்மாவின் பேரனோடு சேர்ந்து மாவில் ஒரு பஸ் செய்தாள், அதற்குப் பதினான்கு சக்கரம். ஏன் கண்ணு இத்தனை என்றால், "கூட்டம் ஜாஸ்தி ஆயா" என்கிறாள். உன் ஸ்கேல் பத்திரமாக இருக்கிறது. இரண்டு டப்பாவுக்கு மேலே வைத்துப் பாலாறு பாலம் ஆக்கியிருக்கிறாள். பால்வாடியில் எவ்வளவோ பிள்ளைகளைப் பார்த்தவள் சொல்கிறேன், இந்தக் குழந்தைக்கு உட்காரத் தெரியாமல் இல்லை. நேற்று ஒரே இடத்தில் காலையிலிருந்து சோற்று நேரம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாள், நான் கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. தோல் துண்டைத் தரையில் வைத்துச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். விரல் நடுங்கவில்லை, கோடு விலகவில்லை. எழுதுகிற கை அதுதான் தயாளா, வேறு எங்கிருந்தோ வராது. அதற்கு நாள் கொடு.

நீ பயப்படுகிறாய், எனக்குத் தெரியும். அந்த ஸ்கூலில் இடம் கிடைக்காவிட்டால் குழந்தை பின்னால் நின்றுவிடும் என்று பயம். நானும் அதே பயத்தில்தான் நூலை எடுத்தேன். நாளைக்கு ரோட்டில் தோல் பொறுக்குவான் என்று உன் அத்தை சொன்னது எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பயந்துகொண்டு குழந்தை வளர்த்தால் கை நம் பேச்சைக் கேட்காது. அதனால் நான் கேட்பது ஒன்றுதான். ஜூன் மாசத்து டெஸ்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போகாதே. ஐந்து வயசு முடிகிற வரைக்கும் எழுதச் சொல்லாதே. உங்கள் தெருக்கோடியில் ஒரு பால்வாடி இருக்கிறது, மண்ணில் விளையாட விடுகிறார்கள், ஆனால் பேர் இல்லாத இடம் என்று மல்லிகா சொன்னாள். அங்கே விடு. அக்கம்பக்கத்தில் கேவலமாகப் பேசினால், எங்கம்மா அப்படித்தான் சொன்னாங்க, அவங்க மூணாவது படிச்சவங்க என்று என் மேல் பழியைப் போடு. எத்தனையோ சுமந்தவள், இதையும் சுமக்கிறேன். அவளைக் கூட்டிப்போக வரும்போது அந்த ஸ்கேலை மட்டும் கேட்காதே, அது பாலமாகவே இருக்கட்டும்.

உன்னிடம் மன்னிப்பு கேட்கத்தான் நாலு நாளாக எழுதுகிறேன், ஆனால் அந்த வார்த்தை வந்தபாடில்லை. நான் யாரையும் மன்னித்ததில்லை, அதனால் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதிவிடுகிறேன். கண்ணு, நீ அடுக்கின ஜோடி அத்தனையும் சரி. ஒன்று கூடத் திரும்பி வரவில்லை.

கடைசியாக ஒன்று. இன்று காலை ரேவதி மூட்டை முழுவதையும் கொட்டிவிட்டாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, சத்தியமாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. கதவிலிருந்து அடுப்பு வரைக்கும் சுவர் ஓரமாக இரண்டு இரண்டாக அடுக்கிக்கொண்டே போனாள். நான் சொம்பும் கையுமாக அப்படியே நின்றுவிட்டேன். கடைசியில் ஒரு துண்டு மிஞ்சிவிட்டது. அதற்கு ஜோடி கிடைக்கவில்லை. தூக்கிப் போட்டுடு கண்ணு என்றேன். "அது பாவம் ஆயா" என்றாள். பிறகு நான் சொல்லிவிட்டேன், உங்க அப்பா சின்ன வயசில் இந்த மாதிரி அடுக்குவார், ஒன்று கூடத் தப்பாது என்று. அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "எங்க அப்பாவா?" என்றாள். இரண்டு தடவை கேட்டாள். அப்புறம் அந்தத் துண்டை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டாள். "அப்பா வந்து கண்டுபிடிப்பாரு" என்கிறாள். நானும் தேடிப் பார்த்தேன், எனக்குத் தெரியவில்லை. கண் மங்கிவிட்டது. மங்காத நாளிலும் மேஸ்திரி புகழ்ந்தது என் கண்ணை இல்லை, உன் கையை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு வா. அதுவரைக்கும் வீட்டைக் கூட்ட வேண்டாம் என்று அவள் ஆர்டர். நானும் பாயம்மாவும் வரிசையைத் தாண்டித் தாண்டித்தான் அடுப்புக்குப் போய் வருகிறோம். செருப்பை வெளியிலேயே விட்டுவிடு. கதவுக்குப் பக்கத்திலேயே வரிசை ஆரம்பிக்கிறது, பார்த்துக் கால் வை.

உன் அம்மா